ஓடும் வண்டியில் இணையம்: ஒரு சிறு வரலாறு

இணைய முகவரி, கணினி இருக்கும் வலையமைப்பையும் சேர்த்தே குறிக்கும். ஓடும் வண்டியில் வலையமைப்பு மாறினால் முகவரியும் மாறும், தொடர்பு அறும். 1996ல் வந்த மொபைல் ஐபி பெரும்பாலும் தனிக்கருவிகளுக்கே உதவியது. வண்டி முழுக்க மடிக்கணினிகள் இருந்தால்?

2004ல் லுஃப்தான்சா விமானத்தில் போயிங்கின் கனெக்‌ஷன் சேவை தொடங்கியது. விமானம் தரைநிலையம் மாறும்போதெல்லாம், அதன் முகவரித் தொகுதி இடம் மாறியதை உலக ரவுட்டர்களுக்கு அறிவித்தார்கள். விமானங்கள் பெருகினால் அறிவிப்புகளும் பெருகும்.

2005ல் நீமோ நெறிமுறை வந்தது. வீடு மாறியவருக்குப் பழைய தபால் நிலையம் கடிதத்தைத் திருப்பிவிடுவது போன்றது இது. வண்டியின் ரவுட்டர் மட்டும் தாய் வலையமைப்பிடம் புது இடத்தைச் சொல்லும். சுற்றுவழி என்பதால் தாமதம் கூடும்.

போதிய சந்தை அமையாமல் கனெக்‌ஷன் 2006ல் மூடப்பட்டது. ஆனால் இடமாற்றத்தை வண்டியே சமாளிக்க வேண்டும், பயணி அல்ல என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.