புகைத் தடைகளின் வரலாறும் பொதுமுடக்கத்து ரமளானும்



2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பள்ளிவாசல்களில் ஜமாஅத் நின்றது; ஜும்ஆ நின்றது. தெருமுனைத் தேநீர்க் கடைகளும் பெட்டிக் கடைகளும் அடைபட்டன. ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மது, குட்கா, புகையிலை ஆகியவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தன. அடுத்த பத்து நாள்களில் ரமளான் பிறந்தது.

அந்த ஆண்டு தராவீஹ் தொழுகையை வீட்டுக் கூடத்திலேயே நிறைவேற்றினோம். பாட்டனாரும் பேரப்பிள்ளைகளும் ஒரே வீட்டில் அணிவகுத்து நின்றபோது, அதுவரை மொட்டைமாடியிலும் கடைத்திண்ணையிலும் மறைந்திருந்த புகை நாற்றம் தொழுகை விரிப்புக்கே வந்து சேர்ந்தது. பூண்டும் வெங்காயமும் பச்சையாக உண்ட வாயோடு பள்ளிக்கு வருவதையே நபி (ஸல்) அவர்கள் தவிர்க்கச் சொன்னார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த ஒழுக்கம் வீட்டிற்கும் உரியது என்பதை அந்த ரமளான் நமக்கு உணர்த்தியது.

கடை இல்லை; பகலில் நோன்பு; வீட்டில் பிள்ளைகள். புகையை விட்டொழிக்க இதைவிடத் தோதான காலம் வாய்க்குமா என்று எண்ணினோம். உண்மையிலேயே விட்டவர்கள் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் கூடுதல் விலை கொடுத்து மறைவில் வாங்கியவர்களும், கடை திறந்த மறுநாளே பழைய பழக்கத்துக்குத் திரும்பியவர்களும் நம் குடும்பங்களில் இருந்தார்கள். சிலர் வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் கொடுத்த வேப் கருவியைப் பிடித்துக்கொண்டு, சிகரெட்டை விட்டுவிட்டதாகக் கூறினார்கள். இவற்றில் எது விடுதலை, எது வெறும் மாற்றம்? முஸ்லிம் உலகம் இந்தக் கேள்வியை நானூறு ஆண்டுகளாக எதிர்கொண்டு வருகிறது.

அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை 1600ஆம் ஆண்டையொட்டி உஸ்மானியத் தலைநகர் இஸ்தான்புல்லை அடைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்கும் வந்தது. அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617இல் புகைப்பதைத் தடை செய்தார். பாரசீகத்தின் ஷா அப்பாஸும் தம் நாட்டில் தடுத்திருந்தார். ஆனால் ஜஹாங்கீர் பாரசீகத்துக்கு அனுப்பிய தூதர் கான் ஆலமோ புகையின்றி ஒரு கணமும் இருக்க இயலாதவர். இறுதியில் அவருக்கு மட்டும் ஷா விலக்கு அளிக்க நேர்ந்தது. இருபெரும் அரசர்கள் விதித்த தடை ஒரு தூதரின் பழக்கத்தின் முன் தளர்ந்தது.

உஸ்மானிய சுல்தான் நான்காம் முராதின் தடை இதனினும் கடுமையானது. 1633இல் இஸ்தான்புல்லின் ஒரு பகுதியை எரித்த தீவிபத்துக்குப் பின்னர் அவர் காப்பிக் கடைகளை மூடினார். புகைத்தவர்களுக்கு மரண தண்டனை விதித்தார். அக்காலத்தில் வாழ்ந்த அறிஞர் காத்திப் செலபி, 1656இல் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பக்தாத் படையெடுப்பின்போது புகைத்தவர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே, சட்டைக் கைக்குள் சிறு குழலை ஒளித்து வைத்திருந்த வீரர்கள் சமயம் பார்த்துப் புகைத்தார்களாம். அச்சத்தால் ஒரு பழக்கத்தை மறைக்கச் செய்யலாம். மறக்கச் செய்ய இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் ஷைகுல் இஸ்லாம் பஹாயீ எஃபெந்தி புகையிலை ஆகுமானது என்று ஃபத்வா வழங்கினார். அவரும் புகைப்பழக்கம் உடையவரே. ஹலால், மக்ரூஹ், ஹராம் என உலமாக்கள் பலவாறு கருத்துரைத்த காலம் அது; புகையின் தீங்கு அப்போது உறுதிப்படவில்லை. 1950இல் பிரிட்டனின் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வின் வழி எடுத்துக்காட்டிய பிறகு நிலைமை மாறியது. உயிரைப் பேணுவது மார்க்கக் கடமை என்ற அடிப்படையில், இன்று உலமாக்களில் பலர் புகைத்தலை ஹராம் என்றே கூறுகின்றனர்.

வாளால் ஆகாததைச் சொல் சாதித்த நிகழ்வும் வரலாற்றில் உண்டு. 1890இல் ஈரானின் மன்னர் நாஸிருத்தீன் ஷா, நாட்டின் புகையிலை வணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்குத் தனியுரிமையாக அளித்தார். 1891 டிசம்பரில், புகையிலையைப் பயன்படுத்தலாகாது என்று ஷீஆ மார்க்க அறிஞர் மீர்ஸா ஹஸன் ஷீராஸியின் பெயரால் ஃபத்வா வெளிவந்தது. மக்கள் ஹுக்காக்களை எடுத்து வைத்துவிட்டார்கள். மன்னரின் அந்தப்புரத்துப் பெண்களும் புகைக்க மறுத்தார்கள். 1892 ஜனவரியில் தனியுரிமை ரத்தானது. தாமாக முன்வந்து விட்டபோது நாடே விட முடிந்தது. ஆனால் அவர்களின் நோக்கம் அந்நியரின் பிடியை அகற்றுவது, புகையை ஒழிப்பதன்று. எனவே நோக்கம் நிறைவேறித் தடை நீங்கியதும் ஹுக்காக்கள் மீண்டும் புகைந்தன. நிய்யத் எதுவரை நீண்டதோ அதுவரையே துறவும் நீண்டது.

கொரோனா காலத்திலும் இதே பாடம் திரும்பி வந்தது. தென்னாப்பிரிக்கா 2020 மார்ச் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சிகரெட்டுடன் மின்சிகரெட் விற்பனையையும் தடை செய்தது. சிலர் பழக்கத்தை விட்டனர். பலர் பன்மடங்கு விலை கொடுத்துக் கள்ளச் சந்தையில் வாங்கினர்.

இனி வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்கு வருவோம். இதன் இன்றைய வடிவத்தை 2003இல் உருவாக்கியவர் ஹான் லிக் என்னும் சீன மருந்தாளுநர். அவரே புகைப்பழக்கத்தை விட முயன்று தவித்தவர். அவர் தந்தையும் புகைப்பவர். நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர். புகையிலையை எரிக்காமல் நிக்கோட்டினை மட்டும் ஆவியாக்கினால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உடலுக்குள் செல்லா என்பது இதன் அடிப்படை.

நியாயமாகப் பேசுவதானால் இதன் பயனை முற்றிலும் மறுக்க இயலாது. இங்கிலாந்தில் 886 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் மின்சிகரெட் பெற்றோரில் 18 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தனர். நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றோரில் 9.9 விழுக்காட்டினரே விட்டிருந்தனர். ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விட்டவர்களுள் முதல் பிரிவில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் மின்சிகரெட்டைக் கையில் வைத்திருந்தனர். இரண்டாம் பிரிவில் பட்டையையோ சூயிங்கத்தையோ தொடர்ந்தவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. சிகரெட் போயிற்று; நிக்கோட்டின் அடிமைத்தனம் பலரிடம் அப்படியே நின்றது.

நம் நாட்டிலோ 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தாலும், டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தாலும் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு வைத்தல் அனைத்தும் தடை செய்யப்பட்டுள்ளன. எனவே இங்கு வாழும் நாம் வெளிநாட்டு உறவினரிடம் அதைக் கேட்டு வாங்குவது சட்டத்துக்கு மாறானது. பழச்சுவையும் நறுமணமும் கொண்ட அக்கருவி, ஒருநாளும் சிகரெட்டைத் தொடாத நம் பிள்ளைகளின் கைக்குச் செல்லும் ஆபத்தையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வழி என்ன? ஸஹர் முதல் இஃப்தார் வரை ஏறத்தாழ 14 மணிநேரம் புகையின்றி இருக்க நம்மால் முடிகிறது. நிக்கோட்டின் ஏக்கம் முதல் சில நாள்களில் உச்சமடைந்து, பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகிறது. ரமளானும் ஏறக்குறைய அவ்வளவு நாள்களே. இஃப்தாருக்குப் பின் பற்றவைக்கும் அந்த ஒரு சிகரெட்தான் ஏக்கத்தை மறுநாளுக்கும் உயிரோடு வைத்திருக்கிறது. ஈரானியரின் அனுபவத்திலிருந்து நாம் கற்க வேண்டியதும் இதுவே: நம் நிய்யத் பெருநாளோடு முடிந்துவிடலாகாது.

தனியே முடியவில்லையெனில் வெட்கப்பட வேண்டியதில்லை. மருத்துவரை அணுகலாம், 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் பேசலாம். வீட்டாரும் முராதின் வழியை விட்டுவிடுவோம். ஏசினால் புகை மொட்டைமாடிக்கு ஏறுமே தவிர அணையாது. தவறி மீண்டும் தொட்டவரிடம், “நாளை நிய்யத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் அத்தா” என்று பரிவோடு சொல்லும் ஒரு மகளின் சொல்லுக்கு அந்த சுல்தானின் வாளைவிட வலிமை உண்டு.

நம் வீடுகளின் ஸஃப்புகளைத் தூய்மையாக்கி வைக்க வல்ல இறைவன் நமக்கு நல்லருள் புரிவானாக. ஆமீன்.