ப்ளஸ் எர்த் காலம்

பழைய மாரிஸ் மைனர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது வந்து நின்றால், சென்னை ஜி.பி. ரோட்டில் நான் தொழில் பழகிய கடையில் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்பார்கள்: "பேட்டரில கடைசியா கை வெச்சது யாருப்பா?"

காரணம் உண்டு. லூகாஸ் மின்சாமான் பொருத்திய பிரிட்டிஷ் கார்களில் 1960களின் நடுப்பகுதி வரை பேட்டரியின் ப்ளஸ் முனைதான் பாடியில் எர்த். ஃபியட்டில் மைனஸ் எர்த். இரண்டும் ஒரே தெருவில் ஓடின. இரவல் பேட்டரியை அவசரத்தில் மாட்டுகிறவர், கைப்பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், அப்போதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். செல்ஃப் மோட்டாரில் ஃபீல்டு சுருளும் ஆர்மெச்சரும் ஒரே தொடரில் இருப்பதால், ப்ளஸ் மைனஸ் மாறினாலும் அது அதே பக்கம்தான் சுற்றும். லைட் எரியும், ஹாரன் அடிக்கும். டைனமோ மட்டும் ஏமாறாது. அதன் இரும்பில் தங்கிய காந்தம் பழைய திசையிலேயே கரண்ட் தரும். டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் கட்அவுட் மூடியதும் பேட்டரியும் டைனமோவும் மோதிக்கொள்ள, அதன் பாயிண்டுகள் கருகும். ஒட்டிக்கொண்டால் வண்டி நின்ற பிறகும் பேட்டரி டைனமோ வழியாக வடியும். காலையில் செல்ஃப் முனகும். பாவம், திட்டு வாங்குவது பேட்டரி விற்றவர்.

மீட்டரெல்லாம் பிற்பாடுதான். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் இழுப்போம். லைட் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினலில் உப்பு பூத்திருக்கும், இல்லையென்றால் செல்ஃபின் பெண்டிக்ஸ் பல் ஃப்ளைவீலில் மாட்டியிருக்கும். கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பல் விட்டுவிடும். லைட் மங்கவே இல்லையா, கரண்ட் செல்ஃபுக்கே போகவில்லை. செல்ஃபைச் சுற்றத் திராணியற்ற பேட்டரியும் காயிலுக்குப் போதும் என்பதால், முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம்.

பேட்டரியைத் திருப்பி மாட்டியதும், டைனமோவின் எஃப் (ஃபீல்டு) கம்பியைக் கழற்றி, பேட்டரியின் எர்த் ஆகாத முனையில் ஒரு கணம் தொட்டு எடுப்போம். பொறி பறக்கும், காந்தம் சரியான திசைக்கு வந்துவிடும். புது டைனமோ மாட்டினாலும் இந்தச் சடங்கு தப்பாது. ஆல்டர்னேட்டருக்கு இது செல்லாது. பேட்டரி மாறினால் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

பிறகு டிரான்சிஸ்டர் ரேடியோ வைப்பதற்காகவே பலர் மைனஸ் எர்த்துக்கு மாறினார்கள். அப்படி மாறிய வண்டி இன்றும் செல்ஃப் நன்றாக எடுத்து, ஆனால் பிடிக்காமல் முரண்டு செய்தால், காயிலின் இரண்டு சின்னக் கம்பிகளைப் பாருங்கள். அவற்றை இடம் மாற்ற மறந்திருந்தால் பிளக்கில் பொறி பலவீனமாகத்தான் விழும்.