கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறை

எங்கள் காலனி மன்றத்தில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரலாம் என்று முடிவானபோது அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. நான் படித்தது எம்.ஏ. தமிழ். தொல்காப்பியச் சூத்திரத்துக்கு உரை சொல்லச் சொன்னால் சொல்வேன். இங்கிலீஷில் நாலு வரி பேசச் சொன்னால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். ஆனாலும் மன்றத்தில் காலேஜ் போனவன் நான்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் 22 பேர் வந்தார்கள். பெரும்பாலும் செருப்புக் கம்பெனிக்குப் போகிற பெண்கள். மூன்றாவது வாரம் 5 பேர்.

வராமல் நின்றுவிட்ட அக்கா ஒருவரைப் பம்படியில் பார்த்துக் கேட்டேன். "இன்னா தம்பி பண்றது, நீ ஆப்பிளு, பந்துன்னு எழுதிப் போடுற. எனக்கு பி.எஃப். சிலிப்புல இன்னா போட்டுக்கீறான்னு தெரிஞ்சா போதும். அதுவுமில்லாம தப்பா சொன்னா நீ சிரிக்கிற" என்றார்.

நான் சிரித்தேனா? சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எங்கே கற்றது என்பதும் தெரியும். கல்லூரியில் முதல் வருஷம் இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து வாசித்தபோது வாத்தியார் சிரித்தார், வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதே சிரிப்பை வாங்கி வைத்திருந்து, பத்து மணி நேரம் தையல் மிஷினில் உட்கார்ந்து எழுந்து வந்த அக்காவிடம் செலவழித்திருக்கிறேன்.

வளர்ந்தவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று அதற்கப்புறம்தான் தேடினேன். நம் தோழர்களைக் கேட்டால் உடனே பாவ்லோ பிரெய்ரே என்பார்கள். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் 300 தொழிலாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்த கதை நம் முகாம்களில் பலதடவை சொல்லப்பட்டது. நல்ல கதைதான். அதற்கு ஆறு வருஷம் முன்பே அமெரிக்காவில் தலைமுடி அலங்காரம் செய்கிற ஒரு கறுப்பினப் பெண் நடத்திய வகுப்பைப் பற்றி ஏன் யாரும் நமக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி. அவர் தத்துவம் எழுதவில்லை, அதனால் இருக்கலாம்.

தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டி ஜான்ஸ் தீவு இருக்கிறது. அங்கிருந்த கறுப்பர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். அவர்கள் வீட்டில் பேசியது குல்லா. ஆப்பிரிக்க மொழிகளும் இங்கிலீஷும் கலந்து பிறந்த மொழி. படித்தவர்கள் அதை ரொம்ப காலம் 'உடைந்த இங்கிலீஷ்' என்று கேலி பேசினார்கள். லொரென்சோ டர்னர் என்ற கறுப்பின அறிஞர் 1949இல் புத்தகம் போட்டு அதன் ஆப்பிரிக்க வேர்களை எடுத்துக் காட்டினார். சேரிப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கிய தமிழ்த்துறையில் படித்துவிட்டு வந்த எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த மக்களுக்குப் படிப்பு வராமல் போனது தற்செயல் அல்ல. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் கலகம் செய்தார்கள். அடுத்த வருஷமே சட்டம் வந்தது: அடிமைக்கு எழுதச் சொல்லித் தருகிறவனுக்கு 100 பவுண்டு அபராதம். 1834இல் படிக்கச் சொல்லித் தருவதையும் தடுத்தார்கள். காதில் ஈயம் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்மசாஸ்திரத்தை அறிந்த நமக்கு இது ஆச்சரியமில்லை. பிறகு அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்ததும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1895இல் எழுதிய மாநில அரசியல் சட்டத்தின்படி ஓட்டுப் பதிய வேண்டுமானால் அந்தச் சட்டத்தின் பகுதி ஒன்றை வாசித்து எழுதிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். எழுதத் தெரியாமல் ஆக்கியவனே எழுதத் தெரியுமா என்று கேட்கிறான்.

இங்கேயும் அப்படித்தான் இருந்தது. 1935ஆம் வருஷச் சட்டம் வரைக்கும் ஓட்டுக்குச் சொத்தோ படிப்போ தகுதியாகக் கேட்டார்கள். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று 1928இல் சைமன் கமிஷன் முன்னால் அண்ணல் அம்பேத்கர் வாதாடியதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். 1950இல் நமக்கு அது கிடைத்துவிட்டது. ஜான்ஸ் தீவுக்காரர்கள் 1965 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்று ஒருவர். விவசாயம் பண்ணினார், பஸ் ஓட்டினார். தினமும் தீவிலிருந்து ஆட்களைச் சார்ல்ஸ்டனுக்கு வேலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். பஸ்ஸிலேயே அரசியல் சட்டத்தின் பகுதியை வாய்ப்பாடம் சொல்லித் தந்தார். பயணிகளில் ஆலிஸ் வைன் என்ற அம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எனக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்டார். மனப்பாடம் செய்தே பதிவும் செய்துவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. நிஜமாகவே படிக்க வேண்டும் என்றார்.

1954இல் ஜென்கின்ஸ், டென்னஸி மாநிலத்திலிருந்த ஹைலாண்டர் பள்ளிக்குப் போனார். 1932இல் மைல்ஸ் ஹோர்ட்டன் ஆரம்பித்த பள்ளி அது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள் என்பதே அங்கே பெரிய குற்றம். அவரை அங்கே அழைத்துப் போனவர் செப்டிமா கிளார்க். 1898இல் பிறந்தவர். சார்ல்ஸ்டன் நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை எடுக்காத காலத்தில், 1916இல், இதே தீவுக்கு வாத்தியாராக வந்தவர். கரும்பலகையோ புத்தகமோ இல்லாத பள்ளி. லாண்டரிக் கடைக் காகிதப் பைகளைப் பிரித்து, பிள்ளைகள் வழியில் பார்த்த மரத்தையும் பிராணியையும் பற்றி அவர்கள் சொன்னதையே எழுதிச் சுவரில் மாட்டிப் பாடமாக்கினார். பின்னாளில் வந்த எல்லாவற்றுக்கும் விதை அந்தக் காகிதப் பையில் இருக்கிறது. 1956இல், என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பர் உரிமைச் சங்கத்தில் இருக்கிறவர்களுக்கு அரசு வேலை கிடையாது என்று மாநிலம் சட்டம் போட்டது. செப்டிமா சங்கத்தை விடவில்லை. நாற்பது வருஷ வேலையும் ஓய்வூதியமும் போயின. ஹைலாண்டர் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

தீவில் ஏற்கெனவே பெரியவர்களுக்கான அரசாங்க வகுப்பு நடந்து தோற்றிருந்தது. ஏன் என்று ஹோர்ட்டன் விசாரித்திருக்கிறார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் காலை மடக்கி உட்கார வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் பார்த்துக் கேலி செய்திருக்கிறார்கள். ஆள் வரவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மன்றம்தான் கண்முன் வந்தது.

ஹைலாண்டரில் கடன் வாங்கி 1,500 டாலருக்கு ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக்கடை. பின்பக்கம், வெள்ளைக்காரன் கண்ணில் படாத அறைகளில், வகுப்பு. 1957 ஜனவரி 7ஆம் தேதி முதல் பாடம். 14 பேர். வாரம் இரண்டு ராத்திரி, வயலில் வேலை குறைந்த குளிர்காலத்தில். ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன், செப்டிமாவின் உறவுக்காரப் பெண். பியூட்டி பார்லர் வைத்திருந்தார், துணியும் தைத்தார். எனக்குச் சொல்லித் தரத் தெரியாது என்று மறுத்தவரை வற்புறுத்தி உட்கார வைத்தார்கள்.

இந்தத் தேர்வில் ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சி பெற்ற வாத்தியார்கள் பெரியவர்களைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, பார்லருக்கு வருகிறவர்கள் எல்லோரும் கறுப்புப் பெண்கள். பெர்னிஸின் சோறு எந்த வெள்ளை முதலாளி கையிலும் இல்லை. செப்டிமாவைத் துரத்தியதுபோல அவரைத் துரத்த முடியாது.

பெர்னிஸும் முதலில் என்னைப் போலத்தான் செய்தார். உறவுக்காரரிடமிருந்து சின்னப் பிள்ளைகளின் பாடப்பொருள்களை வாங்கிக்கொண்டு போனார். ஒரே நாளில் அது உதவாது என்று புரிந்துகொண்டார் என்பதுதான் வித்தியாசம். நான் உங்கள் வாத்தியார் இல்லை, நாம் சேர்ந்து கற்போம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். சொந்தப் பெயரை எழுத வேண்டும் என்றார்கள். பைபிள் படிக்க வேண்டும், வெளியூரில் இருக்கிற பிள்ளை எழுதும் கடிதத்தைப் படிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும், தபாலில் சாமான் வரவழைக்கும் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவைதான் பாடத்திட்டம்.

பெயரை அட்டையில் பெரிதாக எழுதித் தந்து, கைக்கு அந்த வடிவம் பழகும்வரை அதன்மேலேயே பென்சிலை ஓட்டச் சொன்னார். கலப்பையும் தூண்டிலும் பிடித்த கைகள். அழுத்திப் பிடித்ததில் பென்சில் உடையும். உடைந்தால் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு பென்சில் கொடுப்பது அந்த வகுப்புகளின் வழக்கம். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டு, சொன்னதை எழுதி, அதையே வாசிக்க வைத்தார். கணக்குக்கு மளிகைச் சாமான் விலையும் பெட்ரோல் விலையும். பிறகு ஓட்டுப் பதிவு விண்ணப்பத்தின் கடினமான சொற்கள் ஒவ்வொன்றாக. சுவரில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்றார். பாடம் எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக லட்சியத்தை அவர் குறைக்கவில்லை. நம் அறிவொளிப் பாடங்களில் பல இந்த இடத்தில்தான் தவறின என்பது என் எண்ணம்.

65 வயது அம்மா ஒருவர் கரும்பலகையில் இருந்த பல பெயர்களில் தன் பெயரைக் கம்பால் தொட்டுக் காட்டியபோது உடம்பு சிலிர்த்துப்போனதாகப் பெர்னிஸ் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து வாட்மலா, எடிஸ்டோ தீவுகளுக்கும் வடக்குச் சார்ல்ஸ்டனுக்கும் வகுப்புகள் பரவின. 1961இல், டென்னஸி அரசு ஹைலாண்டரை மூடப் பார்த்தபோது, இந்த வேலையை மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு எடுத்துக்கொண்டது. 1970க்குள் 897 பள்ளிகள் நடந்தன என்பது கணக்கு. 1963 ஜூனில் ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பி மாநிலத்து வினோனாவில் கைதாகிப் போலீஸ் காவலில் அடித்து நொறுக்கப்பட்டதும் இப்படியொரு பயிற்சி முடித்துச் சார்ல்ஸ்டனிலிருந்து திரும்பும்போதுதான். எழுத்துச் சொல்லித் தருவது அவ்வளவு ஆபத்தான வேலையாக இருந்தது.

இதையும் சொல்லாமல் விட முடியாது. எல்லா ஊர்வலத்தையும் நீங்களே நடத்தாதீர்கள், அந்தந்த ஊரில் ஆட்களை வளர்த்துவிடுங்கள் என்று செப்டிமா கிங்குக்குக் கடிதம் எழுதினார். அதைக் கூட்டத்தில் வாசித்தபோது தலைவர்கள் சிரித்தார்கள். இந்த அம்மா எதற்கு நிர்வாகக் குழுவில் என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். மேடையில் நாற்காலி போடும்போது நம் இயக்கங்கள் பெண்களை எங்கே உட்கார வைக்கின்றன என்பது வாசிக்கிற தோழர்களுக்குத் தெரியும். செப்டிமா 1987இல் இறந்தார்.

ஜோதிராவ் புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அதற்கும் முன்னால், 1855இல், அவரும் சாவித்திரிபாயும் புனேயில் உழைப்பாளிகளுக்கு ராத்திரிப் பள்ளி நடத்தினார்கள். 1946இல் அம்பேத்கர் கறுப்பினத் தலைவர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு பக்கமும் ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

பம்படியில் பேசிய அக்காவிடம் திரும்பப் போனேன். அவருடைய பி.எஃப். சிலிப்பை வாங்கி அதையே பெரிதாகச் சார்ட்டில் எழுதி மன்றத்தில் மாட்டினேன். மறு வாரம் ஒன்பது பேர், அதற்கடுத்த வாரம் பதினாறு பேர், ஆளுக்கொரு சிலிப்போடு வந்தார்கள். எனக்கே பாதி வார்த்தை தெரியாது. அகராதியை நடுவில் வைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் அந்த அக்கா விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார். "தம்பி, இது எம் பேரு இல்ல. நடுவுல ஒரு எழுத்து மாறிக்கீது." ரேஷன் கார்டோடு வைத்துப் பார்த்தோம். மாறித்தான் இருந்தது. பணம் கேட்டு இரண்டு தடவை போட்ட மனு திரும்பி வந்ததற்குக் காரணம் அதுதான். ஆபீசில் யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

மற்ற சிலிப்புகளையும் பார்த்தோம். ஏழு பேருக்குப் பெயரிலோ தகப்பன் பெயரிலோ பிழை. இப்போது திருத்தல் மனு எழுதுவதுதான் எங்கள் இங்கிலீஷ் பாடம். வெள்ளிக்கிழமை ஏழு பேரும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு சேர்ந்து போகிறார்கள். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.