ஒதுக்கீட்டுக் கணக்கும் வாச்சாத்தியும்
தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 1989இல் பெண்களுக்கு 30 விழுக்காடும், 1990இல் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. இக்கணக்கின்படி ஆயிரம் பணியிடங்களில் பழங்குடிப் பெண்ணுக்குரியவை மூன்றே. எனினும், அவளும் அரசுப் பணியாளராகலாம் என்பதை ஆணை ஏற்றது. அலுவலரின் பார்வை ஏற்றதா என்பதே வினா. 1992 சூன் 20 அன்று, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியிலுள்ள சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் வனம், காவல், வருவாய்த் துறையினர் சந்தனமரச் சோதனைக்கென நுழைந்தனர். பழங்குடிப் பெண்கள் 18 பேர் வன்புணர்வுக்கு ஆளாயினர். சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். சீருடைக்குள் பெண்ணை ஏற்ற துறையே, மலையடிவாரத்துப் பெண்ணைக் கடத்தலுக்குத் துணைபோனவளாகக் கண்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடனிருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011இல் தண்டித்தது. அதனை 2023 செப்டம்பர் 29இல் உறுதிசெய்த சென்னை உயர்நீதிமன்றம், அப்பெண்களுக்கோ குடும்பத்தினருக்கோ தக்க வேலை அல்லது சுயதொழில் வாய்ப்பு வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது.