பேரு ரெஜிஸ்டர்ல இருக்கு, புள்ள எங்க?

2023 மார்ச் 13 ஞாபகம் இருக்கா? பிளஸ் டூ பொதுத்தேர்வு ஆரம்பிச்ச நாள். முதல் பரீட்சை தமிழ். அன்னைக்கு மாநிலம் முழுக்கச் சுமார் 50,000 பேர் பரீட்சை எழுதவே வரல. ரெண்டு மூணு நாளைக்கு டிவி முழுக்க இதே பேச்சு. தமிழ்ப் பரீட்சைக்குக் கூடவா பயம்னு மீம்ஸ் எல்லாம் வந்துச்சு.

விஷயம் பயம் இல்லைங்க. அந்தப் பேட்ச் பத்தாவது படிச்சது 2020-21, கொரோனா வருஷம். பரீட்சை இல்லாமலே எல்லாரும் ஆல் பாஸ். அதுல நிறையப் பேர் அதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிட்டாங்க. ஆனா பேரு மட்டும் பத்துல இருந்து பதினொண்ணு, பதினொண்ணுல இருந்து பன்னெண்டுன்னு தானா ஏறிக்கிட்டே வந்துச்சு. ஆக, மார்ச்ல தெரிஞ்ச அந்த 50,000, மார்ச்ல நடந்தது இல்ல. அதுக்கு முன்னாடியே, பள்ளிக்கூடம் திறந்த முதல் சில வாரங்கள்ல நடந்தது. இன்னைக்கு எபிசோடு அந்த முதல் சில வாரங்களைப் பத்தித்தான். அதைப் புரிஞ்சுக்க ஒரு இருநூறு வருஷம் பின்னால போகணும்.

1822 ஜூன். மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா ஜில்லா கலெக்டருக்கும் கணக்குக் கேட்கிறார்: உங்க ஜில்லால எத்தனை பள்ளிக்கூடம், யார் யார் படிக்கிறாங்க, எத்தனை வருஷம் படிக்கிறாங்க? அப்போ கோயமுத்தூர் ஜில்லா ரொம்பப் பெருசு. எங்க தாராபுரம் அதுக்குள்ளதான். (அப்புறம் 1979ல பெரியார் மாவட்டம், 2009ல திருப்பூர் மாவட்டம்னு எங்களை மாத்தி மாத்தி வெச்சது தனிக்கதை.) கலெக்டர் ஜான் சல்லிவன், ஊட்டிய உருவாக்குனாரே அவரேதான். நவம்பர்ல பதில் அனுப்புறார்.

அவர் கணக்குப்படி ஜில்லா ஜனத்தொகை 6,38,199. பள்ளிக்கூடம் 763. படிக்கிற பிள்ளைங்க 8,206. அஞ்சு வயசுல சேர்ந்து பதிமூணு, பதினாலு வயசு வரைக்கும் படிக்கிறாங்க. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா பத்து வரைக்கும். திரும்ப மதியம் ஒண்ணு ரெண்டு மணிக்கு உட்கார்ந்தா ராத்திரி எட்டு. இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ்னு அலுத்துக்கிறவங்க இதக் கொஞ்சம் கவனிங்க. லீவு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, அதுக்கு அடுத்தடுத்த நாள்னு மாசத்துக்கு நாலு. பண்டிகை நாள் தனி. வாத்தியாருக்கு வருஷத்துக்கு ஒரு பையன் கொடுக்கிறது மூணு ரூபாயில இருந்து பதினாலு ரூபாய் வரை. புதுப் புத்தகம் ஆரம்பிச்சா தனியா ஒரு காணிக்கை, தசரா வந்தா இன்னொண்ணு.

இந்த அமைப்புல ஒண்ணு கவனிங்க. வாத்தியார் வயிறு பிள்ளைங்க வர்றத நம்பி இருக்கு. ஒருத்தன் வரலன்னா வருமானத்துல ஓட்டை. அதனால வராதவனைத் தேடிப் பிடிச்சு இழுத்துட்டு வர பெரிய பசங்களை வீட்டுக்கே அனுப்புவாங்க. சீக்கிரம் வர்றதுக்கும் ஒரு வழி இருந்துச்சு. பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823ல எழுதுன அறிக்கையில இது இருக்கு: முதல்ல வர்ற பையனோட உள்ளங்கையில சரஸ்வதி பேரு எழுதுவாங்க. ரெண்டாவது வர்றவனுக்கு ஒரு சுழி, பாராட்டும் இல்ல, திட்டும் இல்ல. மூணாவது ஆளுக்கு மெதுவா ஒரு அடி. நாலாவது ஆளுக்கு ரெண்டு. அப்படியே ஏறிக்கிட்டே போகும். கடைசியா வர்றவன் கதிய நீங்களே யோசிச்சுக்கோங்க. அன்னைய அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் பசங்களோட கையில இருந்துச்சு.

இந்த 1822 கணக்க வெச்சு இன்னைக்கும் சண்டை நடக்குது. வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே எல்லாரும் படிச்சோம்னு ஒரு கோஷ்டி. 1983ல தரம்பால் இந்த அறிக்கைகளை எல்லாம் தொகுத்துப் புத்தகமாப் போட்டதுக்கு அப்புறம் அந்தக் குரல் பலமாச்சு. அவங்க காட்டுற எண் உண்மைதான்: கோயமுத்தூர்ல பிராமணப் பையன்கள் 918, அறிக்கை சூத்திரர்னு வகைப்படுத்துனவங்க 6,379. ஆனா அதே பட்டியல்ல கீழ வாங்க. ‘மற்ற சாதியினர்’ 226. பொம்பளப் புள்ளைங்க 82. ஆறு லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கிற ஜில்லால, 82. இந்த ரெண்டு எண்ணையும் சொல்லாம முதல் எண்ணை மட்டும் சொல்றது நேர்மை இல்லைங்கிறது என் அபிப்பிராயம்.

கேம்பெல் இன்னொரு விஷயமும் எழுதுறார். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இருக்கிற தன் ஜில்லால 7,000 பேர் கூடப் பள்ளிக்கூடத்துல இல்ல. ஏன்? இங்கிலாந்து மில் துணி வந்து நெசவுக் குடும்பங்களோட பிழைப்பு போச்சு. புள்ளைங்க கைகாலு கொஞ்சம் வேலை செய்யத் தேறினதுமே அவங்க உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுதுங்கிறார். துணிக்கும் வகுப்புல காலியா இருக்கிற இடத்துக்கும் உள்ள சம்பந்தம் அங்க இருந்தே ஓடி வருது. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அதுக்கப்புறம் சர்க்காரும் மிஷன்களும் பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பிச்சப்போ காலண்டர் மாறுச்சு. விஜயதசமிக்கு ஏடு தொடங்குறது போய் ஜூன் வந்துச்சு. அமாவாசை போய் ஞாயிறு வந்துச்சு. ஆனா காடு தோட்டத்துக்கு ஞாயிறு தெரியாதே. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்ற ஊர்ல, பள்ளிக்கூடம் திறந்து சூடு பிடிக்கிற நேரமும் விதைப்பு நேரமும் ஒண்ணாத்தான் வரும். ஆடு மேய்க்க, களை எடுக்க, தம்பி பாப்பாவைப் பாத்துக்க வீட்டுல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் பெரும்பாலும் மூத்த பொண்ணு.

1953ல ராஜாஜி இதுக்கு ஒரு தீர்வு கொண்டு வந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில தினம் மூணு மணி நேரம் மட்டும் வகுப்பு, மிச்ச நேரம் பையன் அப்பாவோட தொழிலுக்குக் கை கொடுக்கட்டும். பள்ளிக்கூடத்தை வீட்டு வேலைக்கு ஏத்த மாதிரி வளைச்சாங்க. வளைச்ச பக்கம்தான் தப்பு. எந்த வீட்டு வேலைங்கிறத சாதி தீர்மானிக்கிற ஊர் இது. குலக்கல்வின்னு எதிர்ப்பு கிளம்புச்சு, ஈரோட்டுக்காரர் பெரியார் விடல. அடுத்த வருஷம் காமராஜர் முதல்வர் ஆனார். ராஜாஜி அமைச்சரவையில நிதி அமைச்சரா இருந்த பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் சி. சுப்பிரமணியம், இப்போ கல்வி அமைச்சரா 1954 மே மாசம் திட்டத்தைக் கைவிட்டார். ஒரே ஒரு கல்வியாண்டு. அவ்வளவுதான் அதோட ஆயுசு.

காமராஜர் வேற பக்கம் இருந்து யோசிச்சார். நேரத்தைக் குறைக்காதீங்க, சோறு போடுங்க. 1956ல மதிய உணவு. 1982 ஜூலையில எம்.ஜி.ஆரோட சத்துணவு, 1984ல அது பத்தாம் வகுப்பு வயசுப் பிள்ளைங்க வரைக்கும் நீண்டுச்சு. இந்தக் கதை உங்களுக்கே தெரியும், அதனால இங்க நிக்கல.

எனக்கு முக்கியமாப் படுறது இது. சோறு ஒரு எட்டு வயசுப் புள்ளையக் கூட்டிட்டு வரும். பதினஞ்சு வயசுப் புள்ளையக் கூட்டிட்டு வராது. ஏன்னா அந்த வயசுல வெளியே ஒரு சம்பளம் காத்துட்டு இருக்கு. திருப்பூர் பனியன் கம்பெனி, வெள்ளகோவில் விசைத்தறி, சுத்துவட்டாரம் முழுக்க நூல் மில்லு. பரீட்சை லீவுல ரெண்டு மாசம் வேலைக்குப் போய்க் கையில காசு பார்த்த பையன், ஜூன்ல திரும்ப யூனிபார்ம் போடணும்னா அது சாதாரண விஷயம் இல்ல. வீட்டுல கடன் இருந்தா இன்னும் கஷ்டம்.

பொண்ணுங்களுக்கு ‘சுமங்கலித் திட்டம்’. மூணு வருஷம் மில் ஹாஸ்டல்ல தங்கி வேலை செஞ்சா கடைசியில மொத்தமா 30,000, 50,000 ரூபாய்னு ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போனாங்க. அந்தப் பணம் சீருக்கு, கல்யாணத்துக்கு. 2011ல நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதை உலகத்துக்குக் காட்டுச்சு. ஏன்னா அந்த நூல்ல நெஞ்ச துணி ஐரோப்பா, அமெரிக்கா கடைகளுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. 1823ல அங்க இருந்து வந்த துணி இங்க புள்ளைங்க படிப்பைக் கெடுத்துச்சு. இப்போ இங்க இருந்து போற துணி அதே வேலையைச் செஞ்சது.

2022ல புதுமைப் பெண் திட்டம், மாசம் 1,000 ரூபாய், இந்த இடத்தைத்தான் குறி வெச்சது. நல்ல திட்டம். ஆனா அது காலேஜ் போன பிறகு கிடைக்கிற காசு. பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல விழுந்த பொண்ணு கைக்கு அது வராது.

திரும்ப நம்ம 50,000 பேருக்கு வருவோம். திண்ணை வாத்தியாருக்கு ஒருத்தன் வரலன்னா அன்னைக்கே வலிச்சது. இப்போ வருகை செல்போன் ஆப்புல ஏறுது, பேரு எமிஸ்ல இருக்கு. பேரை நீக்குனா இடைநிற்றல் கூடும், எண்ணிக்கை குறைஞ்சா ஆசிரியர் பணியிடம் போகும். அதனால நீக்காம வெச்சிருக்கிறதுலதான் எல்லாருக்கும் நிம்மதி. 2023ல விஷயம் வெடிச்ச பிறகுதான் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, வராதவங்களைத் தேடச் சொன்னாங்க.

தேட வேண்டியது ஜூன்ல. எந்த அரசு மேல்நிலைப் பள்ளியிலயும் போய்ப் பாருங்க, முதல் வாரத்துல வகுப்பாசிரியர் மேஜை ஓரத்துல கொஞ்சம் புத்தகக் கட்டு வாங்க ஆள் இல்லாமக் கிடக்கும். யார் யாரோட கட்டுன்னு அவங்களுக்குத் தெரியும்.