பால்மர விதையும் ஆர்க்கிட் விதையும்

கெடாவின் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்தோர் பலர் ஒரு செடியைப் பார்த்திருப்பர். தென்னம்பிள்ளையின் இலைபோல் மடிப்பு மடிப்பான இலை. நீண்ட தண்டின் நுனியில் ஊதா மலர்கள். சாலையோர மண்மேட்டில் தானாகவே முளைத்து நிற்கும். ஆர்க்கிட் என்றால் மரக்கிளையில் தொற்றியோ கரித்துண்டு நிரப்பிய சட்டியிலோதான் வளரும் என்பது பலரின் எண்ணம். மண்ணில் வேரூன்றும் இச்செடியும் ஆர்க்கிட்தான். ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிக்காட்டா என்பது இதன் அறிவியற் பெயர். பிளிக்காட்டா என்றால் மடிப்புடையது என்று பொருள்.

இதன் வரலாற்றை அறியச் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். நம் முன்னோர் இங்கு வந்த வரலாற்றுக்கும் அத்தோட்டத்தோடு தொடர்புண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். பின்னர் நடந்ததை நாம் அறிவோம். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் எங்கும் பால்மரங்கள் எழுந்தன; அவற்றின் நிழலில் தமிழர் குடும்பங்கள் வாழ்ந்தன.

இரப்பர் விதை பெரியது. தனக்கு வேண்டிய உணவைத் தானே சுமந்து வருவதால் ஈர மண்ணில் விழுந்தால் முளைத்துவிடும். ஆர்க்கிட் விதையோ வெறும் தூசி. ஒரே காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் எதற்கும் கட்டுச்சோறு கிடையாது. ஒருவகைப் பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் விதை பிழைக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்ட் 1899இல் கண்டறிந்தார். அந்நாளைய தோட்டக்காரர்கள் தாய்ச்செடியின் அடியிலேயே விதையைத் தூவிவிட்டு, முளைக்குமா என்று காத்துக் கிடந்தனர்.

1922இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் இந்தக் காத்திருப்புக்கு முடிவு கட்டினார். சீனியும் தாது உப்புகளும் கலந்த அகார் கூழைக் குப்பியில் ஊற்றி, கிருமி நீக்கி, பூஞ்சையின் துணையின்றியே விதையை முளைக்க வைத்தார். அகார் என்பது மலாய்ச் சொல். நம் வீட்டு விருந்துகளில் வண்ண வண்ணமாக வெட்டி வைக்கும் அதே அகார் அகார்தான்! ஆய்வுக்கூடம் என்றதும் அஞ்சும் மாணவரிடம் இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

சிங்கப்பூர்த் தோட்டத்தின் இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம், 1928இல் இம்முறையைக் கொண்டு கலப்பின ஆர்க்கிட் வளர்ப்பைத் தொடங்கினார். அங்கு முதலில் உருவான கலப்பினம் 'பிரிம்ரோஸ்'. அதன் பெற்றோரில் ஒன்று நம் சாலையோர ஊதாச் செடி. மற்றொன்று மலைப்பகுதியில் வளரும் மஞ்சள் மலர்ச் செடி. செல்வர் மாளிகைக்கு உரியதென்று கருதப்பட்ட இனத்தில், யாரும் மதிக்காத மண்மேட்டுச் செடியை அவர் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மற்ற பல ஆர்க்கிட்டுகளைவிட இது விரைவில் பூப்பது அவருக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

குப்பியில் ஆயிரம் கன்றுகள் கிடைக்கும்போது காட்டிலிருந்து ஒன்றைக்கூடப் பிடுங்கத் தேவையில்லை. ஆயினும் மலைச்செடியை வேரோடு பெயர்த்து வருவதைப் பெருமையாகக் கருதுவோர் இன்றும் உளர். குனோங் ஜெராய்க்குச் சுற்றுலா செல்லும் பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: பார்த்து மகிழுங்கள், படம் பிடியுங்கள், செடியை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பள்ளித் தோட்டத்தில் வளர்க்க விரும்பும் ஆசிரியர்கள் குப்பிக் கன்றுகளை வாங்கலாம். வெளியே எடுத்ததும் வேரில் ஒட்டிய கூழை நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அதிலுள்ள சீனி பூசணத்தை வரவழைத்து வேரை அழுகச் செய்யும். குப்பிக்குள் ஈரக்காற்றில் வளர்ந்த இலை மிக மெல்லியது. வெயில் பட்டால் உடனே வாடும். ஆகவே சில வாரங்கள் நிழலும் ஈரப்பதமும் தந்து, பின்னர் சிறிது சிறிதாக வெளிச்சத்துக்குப் பழக்க வேண்டும். மணலும் இலைமக்கும் கலந்த, நீர் தேங்காத மண்ணில், கிழங்கின் மேற்பகுதி வெளியே தெரியுமாறு நடுக. வேரூன்றிய செடி நல்ல வெயிலைத் தாங்கும். கெடாவில் சனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள் என்பதால், இளங்கன்றுகளை அப்போது மண்ணுக்கு மாற்றாமல், மழை தொடங்கிய பின் நடுவது நன்று.