தமிழகக் கரையில் சீனப் பீங்கான், சீனக் கரையில் தமிழகக் கண்ணாடி

கல்வராயன் மலையில் பெய்யும் மழைநீர் கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகளாகக் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறங்குகிறது. கடைசியில் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வழியில் மணிமுக்தாவின் கரையில் இருக்கும் விருத்தாசலம்தான் இந்த வட்டாரத்தில் பீங்கானுக்குப் பெயர்போன ஊர். மின் இணைப்புக்கான பியூஸ் கேரியர்களும் பொம்மைகளும் அங்குள்ள சூளைகளில் வேகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. ஆனால் இது கடந்த நூற்றாண்டில் வளர்ந்த தொழில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சோழமண்டலக் கரைக்குப் பீங்கான் கப்பலில் வந்து இறங்கியது. தமிழகத்துக் கண்ணாடி அதே கடல்வழியே எதிர்த்திசையில் போனது.

பீங்கானும் கண்ணாடியும்

சீனாவின் சாந்தோங் மாகாணத்தில், சிபோ நகரில், பீங்கானுக்கும் கண்ணாடிக் கலைக்கும் சேர்த்து ஒரே அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதில் பொருள் உண்டு. பீங்கான் கிண்ணத்தின் மேலுள்ள மெருகு என்பது மண்ணின் மீது உருகிப் படிந்த மெல்லிய கண்ணாடிப் படலமே. இரும்பு ஆக்சைடு சிறிதளவு கலந்த மெருகுக் குழம்பைப் பூசி, காற்று குறைந்த சூளையில் 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டால் வெளிர்பச்சை நிறம் வரும். அதுவே ‘செலடான்’ எனப்படும் பச்சைப் பீங்கான். நம் குயவர்களின் திறந்த சூளை அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. நம் மண்பானை நீரை உறிஞ்சும், பீங்கான் உறிஞ்சாது. ஊறுகாய்க்கு இன்றும் ஜாடியைத் தேடுவது இதனால்தான்.

சிபோ அருங்காட்சியகத்தின் பெயரில் உள்ள கண்ணாடிக்கான சொல் ‘லியூலி’. இது ‘வேளுரிய’ என்னும் பிராகிருதச் சொல்லிலிருந்து சீனத்துக்குச் சென்றது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. நாம் வைடூரியம் என்பதும் அதே சொல்தான். நிறக்கல்லைக் குறித்த சொல் நாளடைவில் நிறக்கண்ணாடிக்கும், பிறகு மெருகிட்ட கூரை ஓட்டுக்கும் பெயராகிவிட்டது.

அரிக்கமேட்டில் ஒதுக்கப்பட்ட சில்லுகள்

1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். அவர் தேடியது ரோமானியத் தொடர்பு; ஆம்போரா சாடிகளும் அரிட்டைன் வகை மட்பாண்டங்களும் கிடைத்தன. கூடவே சோழர் காசுகளும் சீனச் செலடான் சில்லுகளும் கிடைத்தன. அவை பிற்காலத்தில் பழைய கட்டடங்களிலிருந்து செங்கல் பெயர்க்க வந்தவர்கள் விட்டுச் சென்றவை என்று வீலர் கருதினார். செங்கல் பெயர்க்க வந்தவர் கையில் சீனக் கிண்ணம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் தலைமையில் நடந்த மறு அகழாய்வு, இடைக்காலத்திலும் அங்கே மக்கள் வாழ்ந்து வணிகம் செய்தனர் என்ற கருத்தை வலுப்படுத்தியது. அப்படிப் பார்த்தால் அந்தச் சில்லுகள் துறைமுகத்தின் நீண்ட வாழ்வுக்குச் சான்று. ஆனாலும் பாடநூல்களில் அரிக்கமேடு ரோமானிய வணிகத்தோடு முடிந்துவிடுகிறது.

ஒரு சில்லுக்கு ஏன் இத்தனை மதிப்பு? கல்வெட்டுகள் நிலத்தையும் வரியையும் கொடையையும் விரிவாகச் சொல்லும். வணிகர் வீட்டில் எந்தக் கிண்ணத்தில் உண்டார்கள் என்பதைச் சொல்வது அரிது. பீங்கானோ உடையுமே தவிர மக்காது. எந்தச் சூளை எந்தக் காலத்தில் எந்த வகையைச் செய்தது என்பது சீனாவில் நன்கு ஆராயப்பட்டிருப்பதால், கைவிரல் அளவு துண்டுகூட மண்ணடுக்கின் காலத்தைச் சொல்லிவிடும்.

இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் அங்கே அகழாய்வு செய்தது. எ. சுப்பராயலு, ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா ஆகியோரின் ஆய்வால் அவ்வூர் வெளியுலகுக்குத் தெரிந்தது. லொங்சுவான் செலடான், தெகுவா வெள்ளைப் பீங்கான், சிங்தெசென் நீலவெள்ளைப் பீங்கான், சரக்கு அடைத்து வந்த பழுப்புநிறச் சாடிகள் ஆகியவற்றின் துண்டுகள் அங்கே கிடைத்தன. இவற்றுள் பெரும்பாலானவை 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சோழர் ஆட்சி முடிந்த பிறகும் சீனக் கப்பல் வணிகம் நிற்கவில்லை என்பதை இத்துண்டுகளே காட்டுகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டிலும் சீனப் பீங்கான் கிடைத்துள்ளது. துறைமுகத்தில் இறங்கிய பொருள் உள்நாட்டுத் தலைநகர் வரை போயிருக்கிறது.

எதிர்த்திசைச் சரக்கு

சீனப் பொருள் வந்ததை மட்டும் பேசினால் கதை பாதிதான். ஹான் அரசமரபின் வரலாற்று நூல், ஹுவாங்சி என்னும் நாட்டுக்குப் பொன்னும் பட்டும் கொண்டு சென்று முத்தும் லியூலியும் வாங்கிவந்ததைக் குறிக்கிறது. ஹுவாங்சி காஞ்சிபுரமே என்பர் ஆய்வாளர் பலர், மறுப்போரும் உண்டு. குலோத்துங்கன் காலத்தில், 1077-இல், சீன அரசவைக்குப் போன சோழத் தூதுக்குழுவில் 72 பேர் இருந்தனர். அவர்கள் கொண்டுசென்ற பொருள்களில் தந்தம், கற்பூரம், பன்னீர் ஆகியவற்றோடு கண்ணாடிப் பொருள்களும் இருந்தன. பதிலாகக் கிடைத்தவை 81,800 சரம் செப்புக்காசுகள். 1225-இல் சுவான்சௌ துறைமுக அதிகாரி சாவ் ரூகுவா எழுதிய நூலும் சோழநாட்டு விளைபொருள்களில் கண்ணாடியைச் சேர்க்கிறது. அதே சுவான்சௌவில்தான் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது.

அரிக்கமேட்டுக் கைவினைஞர் உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி விளிம்பை மழுங்கச் செய்து மணியாக்கினர். இத்தொழில்நுட்பம் தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவியது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுப்பேட்டையில் அண்மைக்காலம் வரை இம்முறையில் மணி செய்தனர்.

கள்ளக்குறிச்சிப் பகுதி மாணவர்கள் அரிக்கமேட்டு மணிகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பீங்கான் துண்டைப் பார்க்க நேர்ந்தால் வழவழப்பான உட்பக்கத்தைவிட உடைந்த விளிம்பையும் அடிப்பாகத்தையும் கவனிப்பது பயன்தரும். லொங்சுவான் கிண்ணத்தின் அடிவளையத்தில் மெருகு படாத இடம் சூளைத் தீயில் பெரும்பாலும் செம்பழுப்பாக மாறியிருக்கும். விருத்தாசலத்துக் கோப்பையில் அந்த இடமும் வெள்ளையாகவே இருக்கும்.